வாகா ஆய்வாளர் ஆக: எதை முதலில் படிப்பது, எங்கே இடறும்

வாகா எனும் பழைய ஜப்பானியக் கவிதையில் ஆய்வாளராக விரும்புவோர் பலர் மொழிபெயர்ப்பில் தொடங்குகிறார்கள். அது கடைசியில் செய்ய வேண்டிய வேலை.

முதலில் ஜேஎல்பிடி எனும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வின் மேல்நிலையான என்1 அளவுக்குத் தற்கால மொழி வேண்டும். உரைகளும் கட்டுரைகளும் பெரும்பாலும் ஜப்பானியத்தில்தான். அடுத்து, ஓராண்டாவது பழைய இலக்கணம். துணைவினைகளில் ஏமாந்தால் பாட்டே கெடும். கொகின்ஷூ எனும் பழைய வாகா தொகைநூலின் 113-ஆம் பாடலில் ஓனோ நோ கொமாச்சி என்ற பெண்கவி, பூவின் நிறம் ‘உத்சுரினிகெரி’ (மங்கிவிட்டதே) என்கிறார். ‘நி’ முடிந்துவிட்டதைச் சொல்கிறது; ‘கெரி’ இப்போதுதான் உறைத்ததைச் சொல்கிறது. ‘நிறம் மங்கியது’ என்று எழுதினால் இரண்டும் போய்விடும். அதே பாட்டில் ‘நகமெ’ என்பது நெடுமழை, வெறித்த பார்வை இரண்டுக்கும் சிலேடை.

சிலேடை நமக்குப் பழக்கம், மாத்திரையில்தான் இடறுவோம். 5-7-5-7-7 என 31 மாத்திரை. தமிழில் மெய்க்கு அரை மாத்திரை. அங்கே தனித்து நிற்கும் ‘ன்’ முழு மாத்திரை.

பிறகு குசுஷிஜி, அதாவது சுவடிகளின் தொடரெழுத்து. ஓர் ஒலிக்குப் பல வடிவங்கள் உண்டு. 1900-இல்தான் பள்ளி விதி ஒன்றாக்கியது. நூறு கவிஞரின் ஆளுக்கொரு பாட்டைத் தொகுத்த ஹியாகுனின் இஷ்ஷுவின் நூறு பாடல்களை மனப்பாடம் செய்துவிட்டு, அதன் எடோ கால (1603–1868) மரஅச்சுப் பதிப்பைத் தினம் ஒரு பக்கம் படியுங்கள். தெரிந்த பாட்டு என்பதால் எழுத்து தானே பிடிபடும். சுவடிகளில் க, ga வேறுபாட்டைக் காட்டும் புள்ளி பெரும்பாலும் இராது. ‘ஓடி’, ‘அழுகை வந்து’ இரண்டையும் ஒரே எழுத்துக்கோவையில் வைத்துப் புலவர்கள் விளையாடியது இதனால்தான். பதிப்பாசிரியர் போட்ட புள்ளியை நம்பி அந்த இரண்டாம் பொருளைத் தவறவிடாதீர்கள்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகைக்குத் தூதரகம் வழியே விண்ணப்பிக்கலாம். ஆய்வு மாணவர் நிலைக்குப் பட்டம் கிடையாது. முதுகலையில் சேர நுழைவுத் தேர்வு தனி. ஆய்வுத் திட்டத்தில் ‘ஜப்பானியக் கவிதையில் இயற்கை’ என்று எழுதினால் எடுபடாது. ஒரு தொகைநூல், அதில் ஒரு பகுதி, ஒரு சுவடி மரபு என்று சுருக்குங்கள். தமிழ்–ஜப்பானிய உறவைத் தலைப்பாக்கும் ஆசையும் வரும். ஜப்பானிய மொழியியலாளர் ஓனோ சுசுமு முன்வைத்த அக்கருத்தை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்கவில்லை என்பதை அறிந்தே இறங்குங்கள்.

சுவடிப் படங்களுக்கு தச்சிகாவாவிலுள்ள தேசிய ஜப்பானிய இலக்கிய நிறுவனத்தின் தரவுத்தளம் போதும். பாடலை மேற்கோள் காட்டும் எண்ணுக்கு ஷின்பென் கொக்கா தைக்கன் எனும் வாகா பெருந்தொகுப்பு. மிகப் பழைய தொகைநூலான மன்யோஷூவுக்கு மட்டும் அத்தொகுப்பின் புதிய எண்ணை விட்டு, 4516-இல் முடியும் பழைய எண்ணையே கொடுங்கள்.