திருகிக்கொண்ட படகை நேராக்கினேன்

மெல்லிய பிளைவுட் பலகைகளைத் தாமிரக் கம்பியால் தைத்து, எபாக்சி பசை வைத்து ஒட்டி, நாமே பாகங்களைச் சேர்த்துக் கட்டும் கிட் படகு. முதல் கம்பியிலிருந்தே முழுசாக இறுக்கிக்கொண்டு போனேன், அதுதான் தப்பு. பாதியிலேயே ஒரு பலகையின் விளிம்பு மற்றதன்மேல் ஏறி, படகே ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டது.

எல்லாக் கம்பிகளையும் தளர்த்தினேன். முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என நேரான சட்டங்களைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். இரண்டும் இணையாகத் தெரியும்வரை அடியில் முட்டுக் கொடுத்தேன். பிறகு நடுவிலிருந்து இரு முனைகளை நோக்கி, கம்பிக்கு அரைச் சுற்றாக இறுக்கினேன். குறடால் வெளியே இழுத்துப் பிடித்து முறுக்கினால் முறுக்கு சீராக விழும். அளவு மீறினால் கம்பி அறுந்துவிடும்.

கம்பிகளுக்கு இடையே மட்டும் எபாக்சி வைத்து, அது இறுகியதும் கம்பிகளை உருவினேன். ஒட்டிக்கொண்ட நாலைந்தும் சால்டரிங் அயர்ன் சூட்டில் வழுக்கிக்கொண்டு வந்தன.