பின்வளவில் வசந்தத் தோட்டம்: தொடக்கத்திலேயே தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் நடுவில் ஏதாவது ஒரு சனிக்கிழமை ரொறன்ரோவில் திடீரென்று 20 பாகைக்கு வெயில் எறிக்கும். அன்றைக்கு ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் என்று எங்கே பார்த்தாலும் நம் ஆட்கள் பின்வளவில் மண்வெட்டியோடு நிற்பார்கள். குளிர்காலம் முழுக்க வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கு அந்த ஆசை வரத்தான் செய்யும். ஆனால் இங்கே தோட்டம் சரிவராத வீடுகளை விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: வீட்டுக்குள் போட வேண்டிய விதையைப் பிந்திப் போட்டிருப்பார்கள், வெளியே நட வேண்டிய கன்றை முந்தி நட்டிருப்பார்கள். இந்த இரண்டையும் திருத்திக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது.

வீட்டுக்குள் நடக்கிற வேலையிலிருந்து தொடங்குவோம். மிளகாயும் கத்தரியும் மெதுவாக வளர்கிறவை. வெளியே நடுகிற நாளுக்கு 8 முதல் 10 வாரத்துக்கு முன்பே விதை போட்டிருக்க வேண்டும், அதாவது மே கடைசியில் நடுவதென்றால் மார்ச் நடுப்பகுதியில். தக்காளிக்கு 6 முதல் 8 வாரம் போதும். பாகல், புடோல், பூசணி எல்லாம் 3, 4 வாரத்துக்குள் நடுகிற அளவுக்கு வந்துவிடும், அதோடு வேரை அசைத்தால் தாங்காதவை, அதனால் ஆளுக்கொரு சாடியில் தனித்தனியாகப் போட வேண்டும். வெண்டியும் அப்படித்தான், அதன் ஆணிவேரை உடைத்தால் கன்று தேறாது. இதெல்லாம் தெரியாமல் எல்லா விதையையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் மே மாதம் வரும்போது மிளகாய் நாலு இலையோடு நிற்கும், பூசணிக் கொடி ஜன்னல் சீலையில் ஏறியிருக்கும்.

மிளகாய் விதை முளைக்கவில்லை, விதை பழசு போல என்று பலர் சொல்வார்கள். விதை நன்றாகத்தான் இருக்கும், சூடுதான் போதாது. அதற்கு 25 முதல் 30 பாகை வேண்டும், நம் வீடுகளில் மார்ச்சில் 20 பாகைதான், ஜன்னலோரத்தில் இரவில் அதைவிடக் குறைவு. தட்டுக்கு அடியில் வைக்கிற ஹீற் மாட் ஒன்று வாங்கினால் பல வருடம் பாவிக்கலாம். பாகல் விதையின் கோது தடிப்பானது, நகவெட்டியால் ஓரத்தில் மெல்லக் கடித்துவிட்டு, இரவு முழுக்க ஊறப்போட்டு, ஈரத் தாளில் சுற்றிச் சூடான இடத்தில் வைத்தால் முளை எட்டிப் பார்க்கும், அதன் பிறகு மண்ணில் போடலாம்.

முளைத்த பிறகு வெளிச்சம். ஜன்னல் வெளிச்சம் நம் கண்ணுக்குத்தான் போதும், நாற்றுக்குப் போதாது. நூல் மாதிரி நீண்டு, வெளிறி, கண்ணாடிப் பக்கம் சாய்ந்து நிற்கிற நாற்றுகளைப் பார்த்துவிட்டு "நல்லா வளருது" என்று சந்தோஷப்படாதீர்கள், அது வெளிச்சத்தைத் தேடி அலைகிறது. சாதாரண எல்ஈடி குழல் விளக்கு ஒன்றை நாற்றின் தலைக்கு ஒரு சாண் உயரத்துக்குள் தொங்கவிட்டு, நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் எரியவிடுங்கள். இரவில் அணைத்துவிட வேண்டும்.

வளவு மண்ணை அள்ளி வந்து நாற்றுத் தட்டில் போடுவது இன்னொன்று. ஊரில் நாற்றுமேடை வெளியே வெயிலில், காற்றில் இருந்தது, அது வேறு. இங்கே மூடிய அறையில் அந்த மண் ஈரம் பிடித்துக்கொண்டே இருக்கும், அதில் உள்ள பூஞ்சணம் நாற்றழுகலைக் கொண்டுவரும். நேற்று நேராக நின்ற கன்று காலையில் படுத்துக் கிடக்கும், கிட்டப் பார்த்தால் மண்ணைத் தொடுகிற இடத்தில் தண்டு நூலாகச் சுருங்கிப் பழுப்பாக இருக்கும். அது வந்தால் மருந்து கிடையாது, பக்கத்திலுள்ள கன்றுகளைக் காப்பாற்றத்தான் முடியும். நாற்றுக்கென்று விற்கிற மண் கலவையைப் பாவியுங்கள், தண்ணீரை மேலே தெளிக்காமல் தட்டின் அடியில் ஊற்றி உறிஞ்ச விடுங்கள், சின்ன மின்விசிறி ஒன்றை மெல்ல ஓடவிடுங்கள். தண்டும் அதனால் உரம் பிடிக்கும்.

இனி வெளியே. இங்கே எல்லோரும் மே 24 நீண்ட வாரவிடுமுறை என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், விக்ரோரியா டே வருகிற திங்கட்கிழமையை ஒட்டிய நாட்கள். மே 25க்கு முந்தின திங்கள் என்பதால் அது வருடத்துக்கு வருடம் 18 முதல் 24 வரை மாறும். மோசமான கணக்கு இல்லை, ஆனால் அதுவே கடைசிச் சொல்லும் இல்லை. ஏரிக்கரையை ஒட்டிய இடங்களில் உறைபனி முன்னதாகவே நின்றுவிடும், வடக்கே மார்க்கத்தைத் தாண்டிப் போகப் போகப் பிந்தும். அதைவிட முக்கியமான ஒன்று, உறைபனி விழாவிட்டாலே போதும் என்று நினைப்பது. கத்தரி, வெண்டி, பாகல் மூன்றுக்கும் 10 பாகைக்குக் கீழே போகிற இரவே போதும், கெடுத்துவிடும். கன்று சாகாது, அதுதான் நம்மை ஏமாற்றுகிறது. பச்சையாகவே நிற்கும், ஆனால் வாரக்கணக்கில் ஒரு இலைகூட விடாது. இரண்டு வாரம் பிந்தி, சூடேறிய மண்ணில் நட்ட பக்கத்து வீட்டுக் கத்தரி ஜூலையில் இதைத் தாண்டிப் போய்விடும்.

அதனால் காற்றின் சூட்டைப் பார்க்காமல் மண்ணின் சூட்டைப் பாருங்கள். மண் வெப்பமானி மலிவுதான். காலையில் ஒரு விரல் ஆழத்துக்கு, 10 சென்ரிமீற்றர் அளவில் குத்திப் பார்த்து, தக்காளிக்கு 15 பாகை, மிளகாய்க்கும் கத்தரிக்கும் 18, வெண்டிக்கும் பாகலுக்கும் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிர் மண்ணில் நட்ட தக்காளியின் இலையடி ஊதா நிறமாக மாறும், உடனே பசளை போதாது என்று அள்ளிப் போடுகிறார்கள். மண்ணில் பொஸ்பரஸ் இருக்கிறது, குளிரில் வேரால் எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். சூடு வந்தால் தானாகச் சரியாகும். சூட்டை முந்திக் கொண்டுவர வேண்டுமென்றால் நடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து பாத்தியைக் கறுப்புப் பொலித்தீனால் மூடி வையுங்கள். வைக்கோல், சருகு மூடாக்கை அந்த நேரத்தில் போட வேண்டாம், அது மண்ணைக் குளிராகவே வைத்திருக்கும், ஜூன் நடுவில் போட்டால் போதும்.

கன்றைப் பழக்காமல் நடுவதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு மாத உழைப்பு ஒரே மத்தியானத்தில் போகிற இடம் இது. விளக்கின் கீழே வளர்ந்த இலை நேர் வெயிலைக் கண்டதே இல்லை. அப்படியே கொண்டுபோய் வைத்தால் மாலைக்குள் இலையில் வெள்ளைத் திட்டுகள் விழும், பிறகு அந்த இடம் தாள் மாதிரிக் காய்ந்துவிடும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், அடுத்த நாள் இரண்டு, பிறகு காலை வெயில், இப்படி 7 முதல் 10 நாள் வெளியே வைத்து உள்ளே எடுங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது கஷ்டம், தெரியும். வீட்டில் அப்பம்மாவோ அம்மம்மாவோ இருந்தால் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள், நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

அதேநேரம் எல்லாவற்றுக்கும் மே 24 வரை காத்திருப்பதும் தவறு. கொத்தமல்லி, வெந்தயக் கீரை, முள்ளங்கி, கடுகுக் கீரை, பட்டாணி, வெங்காயம் இவையெல்லாம் குளிரை விரும்புகிறவை, மண் கிளறுகிற பதத்துக்கு வந்ததும் ஏப்ரலிலேயே விதைக்கலாம். கொத்தமல்லியை ஜூனில் விதைத்தால் நாலு இலை விட்டதும் பூத்துவிடும். ஆனால் மண் பதம் என்பதைப் பார்த்துத்தான் இறங்க வேண்டும். இந்தப் பக்கம் பல இடங்களில் களிமண். உருகின பனி வடியாத மண்ணை மிதித்துக் கொத்தினால் கட்டிகள் கல்லாகக் காய்ந்து வருடம் முழுக்க அப்படியே கிடக்கும். ஒரு பிடி மண்ணை எடுத்து உருண்டையாகப் பிடித்து விரலால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் இறங்கலாம், பிசினாக ஒட்டினால் இன்னும் சில நாள் பொறுங்கள்.

எருவில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பையில் விற்கிற மக்கிய ஆட்டெரு நல்லது. பண்ணையிலிருந்து பச்சை எருவை வசந்தத்தில் அள்ளி வந்து கீரைப் பாத்தியில் போடாதீர்கள், கன்றையும் எரிக்கும், கிருமியும் கீரையோடு சமையலறைக்கு வரும். கிடைத்தால் மூடி வைத்து, நன்றாக மக்கவிட்டு அடுத்த வருடத்துக்குப் பாவியுங்கள்.

பந்தல் விஷயத்தில் ஊர்ப் பழக்கம் நம்மைப் பிழையான இடத்துக்குக் கொண்டுபோகிறது. யாழ்ப்பாணம் ஏறத்தாழ 10 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது, வெயில் உச்சிக்கு வரும், பந்தலை எந்தப் பக்கம் போட்டாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ரொறன்ரோ ஏறத்தாழ 44இல் இருக்கிறது. இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை, நடுப்பகலில் எப்போதும் தெற்கே சரிந்துதான் நிற்கும். பாகல் பந்தலைப் பாத்தியின் தெற்குப் பக்கம் போட்டால் பின்னால் உள்ள மிளகாய், கத்தரி எல்லாம் நிழலில் நின்று காய்க்காமல் போகும். வடக்கு வேலியோரம் போடுங்கள். பந்தல் கால் நடக் குழி தோண்டுவதற்கு முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறிக்க ஏற்பாடு செய்கிற ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவிக்க வேண்டும், 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி இது கட்டாயம், கைமண்வெட்டியால் தோண்டினாலும்தான். குறைந்தது 5 வேலைநாள் முன்பாக அறிவித்தால் நிலத்தடியில் எரிவாயுக் குழாய், மின்கம்பி எங்கே போகிறது என்று வந்து குறித்துவிட்டுப் போவார்கள், வீட்டுக்காரருக்குக் காசு இல்லை. எரிவாயுக் குழாயில் அலவாங்கு படுகிற ஆபத்தை ஒரு பாகல் பந்தலுக்காக எடுக்க வேண்டியதில்லை.

கடைசியாக விதைத் தெரிவு, நிறையப் பேருடைய மனம் நோகிற இடம். ஊரிலிருந்து வந்த அவரை விதையை ஆசையாகப் போடுவார்கள். கொடி வேலியை மூடிக்கொண்டு போகும், இலை கரும்பச்சையாக இருக்கும், ஆனால் ஜூலையிலும் பூ இல்லை, ஓகஸ்டிலும் பூ இல்லை. தண்ணீரும் பசளையும் கூட்டிப் பார்ப்பார்கள். கொடி அவரையின் பல நாட்டு ரகங்களும் சிறகவரையும் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்கப் பகல் 12 மணி நேரத்தை ஒட்டியே இருக்கிறது, இங்கே ஜூனில் 15 மணி நேரத்தைத் தாண்டுகிறது. செப்டெம்பரில் அது பூக்கத் தொடங்கும்போது ஒக்ரோபர் உறைபனி வாசலில் நிற்கும். அதில் உங்கள் கைப்பிழை ஒன்றும் இல்லை. பகல் நீளத்தைப் பார்க்காத குத்தவரை ரகங்கள் இருக்கின்றன, பயிற்றையிலும் வெண்டியிலும் 50, 60 நாளில் காய்க்கிற ரகங்கள் இருக்கின்றன, பொதியில் நாள் கணக்கு அச்சிட்டிருக்கும், வாங்கும்போது அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். விமானத்தில் விதை கொண்டுவருகிறவர்கள் எல்லையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும், பொட்டலம் சின்னதாக இருந்தாலும் அறிவிக்காமல் கொண்டுவரக் கூடாது.

குளிர்காலம் முழுக்க வரவேற்பறையில் இருந்த கறிவேப்பிலையையும் முருங்கையையும் இதே கணக்கில்தான் வெளியே எடுக்க வேண்டும்: இரவு 10 பாகைக்கு மேலே நிலைத்த பிறகு, முதலில் நிழல், பிறகு வெயில். நட்டு முடித்த பாத்திகளின் மேல் அன்றைக்கே கோழி வலையை விரித்துவிடுங்கள். புதிதாகக் கிளறின மண்ணைக் கண்டால் அணில் விடியற்காலையிலேயே வந்து கிண்டும், கன்று வேர் பிடிக்கிற வரைக்கும் ஒரு இரண்டு வாரம் வலை அங்கேயே கிடக்கட்டும்.