பழைய அடுக்குமாடி வீட்டைப் புதுப்பிக்கிறீர்களா? பட்டி பூசும் முன் சுவரைச் சோதியுங்கள்

நாங்கள் குடிபுகுந்த வீட்டில் ஒயர்கள் சுவருக்கு வெளியே ஓடின. அறைக்கு ஒரு நிறம், அறைக்கு ஒரு தரை. அதை நவீன பாணிக்கு மாற்றியபோது ஒன்று புரிந்தது. இந்தப் பாணியில் பூவேலையோ பட்டையோ கிடையாது. வெறும் சுவரும் வெளிச்சமும்தான் அழகு. அதனால் சுவரில் உள்ள சிறு மேடும் பளிச்சென்று தெரியும்.

முதலில் வேலையின் வரிசை. இடிப்பு, குழாய், ஒயரிங், குளியலறை நீர்த்தடுப்பு, டைல்ஸ், சீலிங், பட்டி (சுவரைச் சமமாக்க இழுக்கும் வெள்ளைப் பூச்சு), மரவேலை, பெயிண்டின் கடைசிக் கோட். தூணையும் உத்தரத்தையும் தொடாதீர்கள். எந்தச் சுவரை எடுப்பதாக இருந்தாலும் கட்டமைப்புப் பொறியாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். ஒயர் குழாய்களைப் பூசி மூடும் முன், அளவு நாடாவைச் சுவரோடு வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு எங்கே துளை போடலாம் என்று அந்தப் படமே சொல்லும்.

இனி, நான் இடறிய இடம். கூடத்தின் ஒரு சுவரில் பழைய பெயிண்ட் உரிந்திருந்தது. சுரண்டி, பட்டி வைத்து, வெளிர் சாம்பல் எமல்ஷன் அடித்தோம். மூன்றே மாதத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரம் வரை கொப்பளித்தது. விரலால் அழுத்தினால் பட்டி ஈர மாவாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. அங்கே கசிந்த குழாய் நீர் செங்கல் வழியே ஏறி, சுவரின் உப்பைக் கரைத்து வெளியே தள்ளியிருந்தது. எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் இந்த ஓதத்தின் முன் நிற்காது.

ஆகவே இந்தச் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். ஒரு முழம் அகலத்துக்குப் பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப்பால் சுவரில் ஒட்டுங்கள். 24 முதல் 48 மணி நேரம் விடுங்கள். தாளின் உட்புறம் நீர் துளிர்த்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. வெளிப்புறம் துளிர்த்தால் அறைக் காற்றின் ஈரம். உட்புறம் நனைந்தால், கசிவை அடைத்து, கெட்ட பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தியெடுத்து, நன்றாகக் காயவிட்ட பிறகே மறுபூச்சு. எங்கள் சுவர் காய ஆறு வாரம் ஆனது. அந்தக் காத்திருப்பு கடினம், ஆனால் வேறு வழி இல்லை.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதை உலர்வாகத் தேய்க்காமல், நனைத்துச் சுரண்டுங்கள். தூசுக்கு ஏற்ற முகமூடி கட்டாயம். பட்டியை ஒரே தடிப்பாக அப்பாமல் இரண்டு மெல்லிய கோட்டாக இழுங்கள். காய்ந்தபின் தேய்க்க, தட்டையான பலகையில் சுற்றிய 180 எண் உப்புத்தாளையே நான் விரும்புகிறேன்; வெறுங்கையால் தேய்த்தால் விரல் அழுந்தும் இடமெல்லாம் பள்ளமாகும். இரவில் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். பகலில் சமமாகத் தெரிந்த சுவரில் அலைகள் நிழலாக எழும். அவற்றைப் பென்சிலால் வட்டமிட்டுச் சரிசெய்து, பிறகு பெயிண்டுக்கு அடிப்பூச்சான பிரைமர்.

விளக்கில் வாட்டை மட்டும் பார்க்காதீர்கள்; வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் கெல்வின் எண்ணையும் பாருங்கள். எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் வெள்ளை. கூடத்துக்கும் படுக்கையறைக்கும் 3000 கெல்வின், சமையல் மேடைக்கு 4000. ஓர் அறையில் இரண்டையும் கலந்தால் ஒரே சுவர் இரண்டு நிறமாகத் தெரியும். விளக்கைப் பொருத்தியபின் மாதிரிப் பெயிண்டை அடித்து, இரவிலும் பார்த்து நிறத்தை முடிவு செய்யுங்கள்.

பின்சேர்க்கை: பழைய தரையின் மேலேயே டைல்ஸ் ஒட்டிய வாசகர் ஒருவர், கதவுகள் திறக்கவில்லை என்று எழுதினார். டைலும் பசையும் சேர்ந்து ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரும். ஒட்டும் முன் ஒவ்வொரு கதவின் அடியிலும் இடைவெளியை அளந்து, வெட்ட வேண்டிய அளவை மரவேலைக்காரரிடம் அப்போதே சொல்லிவிடுங்கள். குளியலறைத் தரை கூடத்தைவிடத் தாழ்வாகவே இருக்கிறதா என்பதையும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.