செக் என்ஜின் லைட் எரிகிறதா? ஃபால்ட் கோட் எண்ணை நீங்களே எடுப்பது எப்படி

டாஷ்போர்டில் மஞ்சள் நிறத்தில் என்ஜின் படம் எரிகிறது. சர்வீஸ் சென்டரில் வண்டியை உள்ளே கொண்டுபோய், கொஞ்ச நேரத்தில் "சென்சார் போயிருச்சு சார், மாத்தணும்" என்று எஸ்டிமேட்டை நீட்டுகிறார்கள். ஸ்கேனரில் என்ன ஃபால்ட் கோட் (பழுதைக் குறிக்கும் எண்) வந்தது என்று கேட்டால் "அதெல்லாம் எங்க சிஸ்டத்துல இருக்கு சார்" என்பார்கள். அந்த எண் முதலில் இருப்பது உங்கள் வண்டிக்குள்ளேதான், அதைப் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. (பரிசோதனைக் கருவிகளும் உதிரிபாகங்களும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்ததற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2014-ல் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அது மேல்முறையீடு என்று இழுத்துக்கொண்டு போனது வேறு கதை.)

1. போர்ட்டைக் கண்டுபிடியுங்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே, முழங்கால் பக்கம் குனிந்து பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட், வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான பழுது விவரங்களைப் படிக்கும் இடம். 2013 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-4 கார்களிலும் எல்லா பிஎஸ்-6 கார்களிலும் இருக்கும்.

2. அடாப்டர் வாங்குங்கள், அந்த போர்ட்டையும் உங்கள் போனையும் இணைக்கும் சின்னக் கருவி இது. இஎல்எம்327 என்று ஆன்லைனில் தேடினால் சில நூறு ரூபாயிலிருந்து கிடைக்கும். ஆண்ட்ராய்டுக்குச் சாதாரண ப்ளூடூத் போதும். ஐஃபோன் என்றால் வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

3. எண்ணை எடுங்கள். அடாப்டரைச் செருகி, என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் நிலைக்குத் திருப்புங்கள். 'கார் ஸ்கேனர்' அல்லது 'டார்க்' (Torque) செயலியைத் திறந்து இணைத்து, ஃபால்ட் கோட் பகுதிக்குப் போனால் ஒரு ஆங்கில எழுத்தும் அதை அடுத்து நான்கு இலக்கமுமாக (P0420 போல) ஏதாவது வரும். கூடவே 'ஃப்ரீஸ் ஃப்ரேம்' என்று ஒன்று இருந்தால் கட்டாயம் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள், பழுது வந்த நொடியில் வேகம், ஆர்பிஎம், என்ஜின் சூடு எல்லாம் என்ன என்று அதில் பதிவாகியிருக்கும், நல்ல மெக்கானிக்குக்கு எண்ணைவிட இதுதான் அதிகம் உதவும்.

4. எண் சொல்வதைப் படியுங்கள். 'பி0' (P0) என்று தொடங்கினால் எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான என்ஜின்-கியர்பாக்ஸ் கோட், தேடினால் உடனே அர்த்தம் கிடைக்கும். 'பி1' (P1) என்றால் பெரும்பாலும் அந்தக் கம்பெனிக்கே உரியது.

ஆனால் இந்த எண் எங்கே தேட வேண்டும் என்று மட்டும்தான் சொல்லும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. பெரிய பில் விழுவது இங்கேதான். பி0420 வந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்தப்படுத்தும் பாகம்) சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம், ஆனால் காரணம் ஆக்சிஜன் சென்சாராகவும் இருக்கலாம், சைலன்சர் பைப்பில் ஒரு சின்ன ஓட்டையாகவும் இருக்கலாம். பி0301 என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஃபயர், அதாவது எரிபொருள் சரியாக எரியவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இக்னிஷன் காயில் (ஸ்பார்க் ப்ளக்குக்கு மின்சாரம் தருவது) இருக்கும் வண்டி என்றால், முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். இப்போது பி0302 (இரண்டாவது சிலிண்டர்) வந்தால் காயில்தான் போயிருக்கிறது, செலவில்லாமல் உறுதியாகிவிட்டது. மாறாமல் மறுபடியும் பி0301 வந்தால் அப்புறம் ஸ்பார்க் ப்ளக், இன்ஜெக்டர் என்று பார்க்கலாம்.

லைட் விட்டுவிட்டு மின்னினால் இதெல்லாம் வேண்டாம், ஓரங்கட்டி நிறுத்துங்கள். அப்படியே ஓட்டினால் கன்வெர்ட்டரும் போய்விடும்.

5. அழிக்காதீர்கள். செயலியில் 'க்ளியர்' பட்டன் கையை அரிக்கும். அழுத்தினால் லைட் அணையும், ஃப்ரீஸ் ஃப்ரேமும் சேர்ந்து போய்விடும். பேட்டரியைக் கழற்றினாலும் பெரும்பாலும் அதே கதைதான். வேலை முடித்ததும் அடாப்டரைக் கழற்றி வையுங்கள், சாவி ஆஃபில் இருந்தாலும் அந்த போர்ட்டில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும்.

6. இப்போது சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். "லைட் எரியுது" என்று மட்டும் ஜாப் கார்டில் (வண்டியை விடும்போது புகாரை எழுதும் சீட்டு) எழுத விடாதீர்கள், கோட் எண்ணையும் எழுதச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் கோட்களை மலிவான அடாப்டர் பெரும்பாலும் படிக்காது, அதற்கு அவர்களுடைய ஸ்கேனர்தான் வேண்டும். அப்போது ரிப்போர்ட்டை பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லுங்கள், முடியாது என்றால் ஸ்க்ரீனையாவது காட்டச் சொல்லி படம் பிடியுங்கள். மாற்றிய பழைய பாகத்தையும் கேளுங்கள். வாரண்டியில் மாற்றியது என்றால் திருப்பித் தர மாட்டார்கள், அது நியாயம்தான், காசு கொடுத்து மாற்றியதை வாங்கிக்கொண்டு வாருங்கள். எதற்கும் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கலாம், அதற்கும் அந்த ஜாப் கார்டு போட்டோதான் தேவைப்படும்.