தியாகராஜரா, தீட்சிதரா, சியாமா சாஸ்திரியா: உங்களுக்குப் பிடித்தவரைக் காதால் கண்டுபிடிக்க

கர்நாடக இசையில் எந்த வாக்கேயக்காரரை, அதாவது சொல்லும் இசையும் சேர்த்து இயற்றியவரை, பிடிக்கும் என்று கேட்டால் நம்மில் பலர் சொல்லும் பதில், உண்மையில் ஒரு பாடகரைப் பற்றிய பதில். சின்ன வயதில் வீட்டில் ஓடிய கேசட்டில் யார் குரல் இருந்ததோ, அவர் அதிகம் பாடியவர் யாரோ, அவரே நமக்குப் பிடித்தவராகிவிடுகிறார். அது தப்பில்லை. ஆனால் இயற்றியவரின் கை எதுவரை, பாடுகிறவரின் கற்பனை எங்கிருந்து என்று பிரித்துக் கேட்கத் தெரிந்துவிட்டால், நூறு முறை கேட்ட கீர்த்தனையும் புதிதாக விரியும். அதற்கு ராக ஞானம் கட்டாயமில்லை. ஒரு மாதம் தினமும் அரை மணி நேரம், ஒரு நோட்டு, தாளம் போட ஒரு கை போதும்.

ராகமும் குரலும் மாறக்கூடாது

தியாகராஜரின் தோடியையும் தீட்சிதரின் ஹம்ஸத்வனியையும் அடுத்தடுத்துக் கேட்டால், காதில் படும் வித்தியாசத்தில் பெரும்பங்கு ராகத்துடையது. ஒன்றை ஒருவரும் மற்றொன்றை வேறொருவரும் பாடியிருந்தால் இன்னும் குழப்பம். அதனால் ராகத்தையும் பாடுகிறவரையும் மாற்றாமல், இயற்றியவரை மட்டும் மாற்றிக் கேளுங்கள்.

தொடங்க ஏற்ற ராகம் சங்கராபரணம். தியாகராஜரின் ‘ஸ்வரராக ஸுதாரஸ’ (ஆதி), தீட்சிதரின் ‘அக்ஷயலிங்க விபோ’ (மிஸ்ர சாபு), சியாமா சாஸ்திரியின் ‘ஸரோஜதள நேத்ரி’ (ஆதி) மூன்றும் கச்சேரிகளில் நன்றாகப் புழங்குபவை. ஒரே பாடகரின் பதிவாகத் தேடினால் கிடைக்கும். கிடைக்காவிட்டால் ஒரே வீணைக் கலைஞர் வாசித்ததைத் தேடுங்கள். சொல்லின் தயவு இல்லாமல் இசையின் கட்டுமானம் மட்டும் காதில் விழுவதால், பல சமயம் இதுவே மேல்.

ஆலாபனையைத் தாண்டி, பாட்டின் முதல் பகுதியான பல்லவியில் தொடங்குங்கள். ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை, ஒரு வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களாகவே பாடும் கல்பனா ஸ்வரம் மூன்றும் பாடகருடையவை. அவற்றில் மயங்கிவிட்டு அந்தப் பெருமையை இயற்றியவர் கணக்கில் எழுதுவதுதான் இந்தப் பயிற்சியில் அதிகம் நடக்கும் தவறு. பழைய 78 சுழற்சி இசைத்தட்டுகளை முதலில் எடுக்க வேண்டாம். ஒரு பக்கத்துக்குச் சுமார் 3 நிமிடம்தான் கொள்ளும் என்பதால், பாட்டைக் குறுக்கி, காலத்தையும் கூட்டிப் பாடியிருப்பார்கள். தீட்சிதர் உருப்படிகளுக்கு இது பெரிய சேதம்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு, மூன்று முறை. முதல் முறை சும்மா கேட்பது. இரண்டாவது, தாளம் போட்டுக்கொண்டு. மூன்றாவது, சாகித்யத்தை, அதாவது பாட்டின் சொற்களை, கையில் வைத்துக்கொண்டு.

தாளம் போடாமல் பாதிதான் கேட்கும்

ஆதி தாளத்துக்குத் தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல் என்று எண்ண 4, பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு, மொத்தம் 8. மிஸ்ர சாபுவுக்கு ‘தகிட தகதிமி’ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு 3, 4 என்று பிரித்தால் 7. ரூபகத்துக்கு இரண்டு தட்டு, ஒரு வீச்சு.

கை ஓடிப்போகிறது என்றால் காரணம் பெரும்பாலும் மிருதங்கம். இரண்டு எண்ணிக்கைக்கு நடுவே அதன் தட்டுகள் நெருக்கமாக விழும்போது கை அவற்றின் பின்னால் போய்விடும். பாட்டின் சொல்லையே பிடித்துக்கொள்ளுங்கள். மாறாக, கை ஊர்ந்து ஊர்ந்து பொறுமை இழந்தால் அது இரண்டு களையாக இருக்கும். ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு முறை போடுங்கள், சரியாக உட்காரும்.

பல்லவியின் முதல் எழுத்து எங்கே விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் எடுப்பு. தியாகராஜரின் ‘பண்டுரீதி கொலு’ போன்ற தேசாதி உருப்படிகளில் ஆதி தாளத்தின் முதல் தட்டுக்குப் பிறகு ஒன்றரை எண்ணிக்கை தள்ளிப் பாட்டு தொடங்கும். அவர் பாட்டுக்களில் பலவற்றுக்கு இருக்கும் துள்ளலுக்கு அந்த இடைவெளியும் ஒரு காரணம்.

மூவரையும் எதை வைத்து அடையாளம் காண்பது

மூவருமே திருவாரூரில் பிறந்தவர்கள், ஒரே காலத்தவர்கள். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, தீட்சிதர் அவர்களுக்குச் சில ஆண்டுகள் இளையவர். அப்படியிருந்தும் கைவண்ணம் இவ்வளவு வேறாக இருப்பதுதான் வியப்பு.

தியாகராஜரிடம் முதலில் தேட வேண்டியது சங்கதி. ஒரு வரியை எளிமையாகச் சொல்லி, திரும்பத் திரும்ப அதையே கொஞ்சம் கொஞ்சமாக வளர்த்துக்கொண்டு போவது. கரஹரப்ரியாவில் ‘சக்கனி ராஜ மார்க்கமு’ இதற்கு நல்ல பாடம். பல்லவியை ஒவ்வொரு முறை பாடும்போதும் விரலை மடக்கி எண்ணுங்கள். முதலில் வரும் வடிவத்தையும் கடைசியில் வரும் வடிவத்தையும் மட்டும் மறுபடி ஒட்டிக் கேளுங்கள். நடுவில் ஏறிய படிகள் ஒவ்வொன்றும் எதற்காக என்பது புரியும். அழகான ராஜபாட்டை இருக்கும்போது சந்துகளில் நுழைவானேன் என்று மனத்தைக் கேட்கிறது அந்த வரி. பாட்டே ராஜபாட்டை மாதிரி அகலமாகிக்கொண்டு போகும்.

இன்னொரு அடையாளம்: அவருடைய பல கீர்த்தனைகளில், பல்லவிக்கு அடுத்து வரும் அனுபல்லவியின் இசையே, அதற்குப் பின் வரும் சரணத்தின் பின்பாதியில் திரும்பி வரும். சரணம் பாதி தாண்டியதும் ‘இதைக் கேட்ட மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றினால் காது சரியாக வேலை செய்கிறது என்று பொருள். ‘ஸ்வரராக ஸுதாரஸ’வில் சரணங்கள் பல, மேடையில் ஒன்றிரண்டுதான் பாடுவார்கள். தாள கதி தெரியாமல் மத்தளத்தைத் தட்டுவது சுகமா என்று கேட்கும் சரணத்தைத் தேடிக் கேளுங்கள். ரசிகராவதற்குத் தாளம் பழகுகிறவருக்கு அதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது.

தீட்சிதருக்கு வந்தால் இந்தப் பசியை விட்டுவிட வேண்டும். சங்கதிகள் குறைவு. வரி ஒன்றே ஒருமுறை, ஆனால் ஸ்வரங்களை அசைத்து வளைக்கும் கமகம் நிறைந்து, நிதானமாக நகரும். அவர் வைணிகர், ஒரு தந்தியை மீட்டிவிட்டு அந்த ஒலி அடங்கும்வரை இழுத்து வளைக்கும் வீணையின் மூச்சு பாட்டுக்குள் இருக்கிறது. ‘அக்ஷயலிங்க விபோ’ திருவாரூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவே உள்ள கீழ்வேளூர்க் கோயில் மூர்த்தியைப் பாடுவது. சரணத்தில் ‘ஸதய குருகுஹ’ என்று தொடங்கும் இடத்துக்காகக் காத்திருங்கள். அங்கே தாளம் மாறாது, கை அதே வேகத்தில்தான் போகும்; ஆனால் சொற்கள் இரட்டிப்பாக நெருங்கி, ‘தாத, குணாதீத, ஜனோபேத, நவநீத’ என்று ஒன்றன்மேல் ஒன்று வந்து விழும். இதுதான் மத்யமகால சாகித்யம். அவ்வளவு நேரம் சௌக்கமாக, அதாவது மெதுவாக, நடந்த பாட்டு திடீரென்று தேரோட்டமாகும் இந்த இடம் உங்களுக்குப் பிடித்தால், நீங்கள் பாதி தீட்சிதர் பக்கம் வந்தாகிவிட்டது. ‘வாதாபி கணபதிம்’ முடியும் இடத்திலும் இதே அமைப்பு. கடைசி மத்யமகால வரிகளில் இயற்றியவர் அடையாளமாகப் பாட்டுக்குள் வைக்கும் ‘குருகுஹ’ என்ற அவர் முத்திரையும், ‘ஹம்ஸத்வனி பூஷித’ என்று ராகத்தின் பெயரும் சேர்ந்தே வருகின்றன.

இங்கே ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். தீட்சிதரே ஆங்கிலேய பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்யம் எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்பார்கள், சுமார் 40 இருக்கும். ‘சியாமளே மீனாட்சி’ அதில் ஒன்று. அதையும் ‘அக்ஷயலிங்க விபோ’வையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். இரண்டிலும் சங்கராபரணத்தின் அதே ஸ்வரங்கள்தான். ஒன்றில் ஸ்வரங்கள் மணிகள் மாதிரி தனித்தனியே நிற்கும். மற்றதில் ஒன்றுக்குள் ஒன்று கரையும். கமகம் என்றால் என்ன என்று யார் விளக்கினாலும் இவ்வளவு தெளிவாகாது.

சியாமா சாஸ்திரி எண்ணிக்கையில் மற்ற இருவரையும்விட மிகக் குறைவாக எழுதியவர். தஞ்சாவூர் பங்காரு காமாட்சியின் அர்ச்சகர். அம்மா, என்னைக் காப்பாற்றக் கூடாதா என்ற ஒரே கேள்வியைத்தான் பாட்டுக்குப் பாட்டு கேட்கிறார். சொல் எளிமை, உணர்ச்சி அடர்த்தி. ஆனால் தாளத்தில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். பூர்விகல்யாணியில் ‘நின்னு வினாக மரி’ விலோம சாபு, அதாவது மிஸ்ர சாபுவைப் புரட்டிப்போட்டு 4, 3 என்று ஓடுவது. ‘தகிட தகதிமி’ சொல்லிக்கொண்டே போனால் சொற்களின் அழுத்தம் இடறிக்கொண்டே இருக்கும். ‘தகதிமி தகிட’ என்று மாற்றினால் பூட்டு திறந்த மாதிரி உட்காரும்.

அவரை அறிய ஒன்றே ஒன்று கேட்க நேரமிருந்தால் பைரவி ஸ்வரஜதியை எடுங்கள். மிஸ்ர சாபு, எட்டுச் சரணங்கள். ஒவ்வொரு சரணமும் முந்தையதைவிட ஒரு ஸ்வரம் மேலே தொடங்கும்: ஸ, ரி, க, ம, ப, த, நி, கடைசியில் மேல் ஸட்ஜம். ஒவ்வொரு சரணத்தின் முதல் எழுத்திலும் பாட்டை நிறுத்தி அந்த ஸ்வரத்தை முணுமுணுத்துவிட்டு மேலே போங்கள். எட்டாவதில் குரல் உச்சியைத் தொட்டுக் காமாட்சியைக் கூப்பிடும்போது, ஏறிவந்த படிகள் எல்லாம் அந்தக் கூப்பிடலுக்காகத்தான் என்று தெரியும். ‘ஸரோஜதள நேத்ரி’யில் ‘ஸாம கான விநோதினி’ என்ற வரியில் நிரவல் செய்வது வழக்கம். அவருடைய ‘சியாமகிருஷ்ண’ முத்திரையும் அதை ஒட்டியே வருகிறது.

முத்திரையும் பாடாந்தரமும் ஏமாற்றும் இடங்கள்

முத்திரை இருந்தால் அவருடையதுதான் என்று முடிவுகட்ட வேண்டாம். தீட்சிதர் விஷயத்தில், எட்டயபுரத்திலிருந்து 1904ல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட பெரும் தொகுப்பில் உள்ளவை 229 கீர்த்தனைகள்; அதற்கு வெளியே ‘குருகுஹ’ முத்திரையோடு புழங்குபவற்றைப் பற்றி அறிஞர்களிடையே விவாதம் இருக்கிறது. உங்கள் ரசனைக்கு அடித்தளம் போட அந்தத் தொகுப்பில் உள்ளவற்றையே முதலில் எடுத்துக்கொள்வது நல்லது.

சங்கதிகளிலும் இதே சிக்கல். சிஷ்ய பரம்பரையில் ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் சேர்த்திருக்கும். ஆகவே ஒரு பாட்டு பிடித்துவிட்டால், வேறு குருகுலத்தைச் சேர்ந்த இன்னொருவர் பாடியதையும் கேளுங்கள். இரண்டு பாடாந்தரத்திலும், அதாவது குரு வழியாக வந்த பாட்டு வடிவத்திலும், பொதுவாக இருப்பதை இயற்றியவர் பக்கம் எழுதுங்கள். ஒன்றில் மட்டும் இருப்பதைக் கேள்விக்குறியோடு ஓரமாக எழுதுங்கள். உங்களுக்குப் பிடித்த இடம் ஓரத்துக்குப் போய்விட்டால் வருத்தப்பட வேண்டாம். அப்போது உங்களுக்குப் பிடித்தது அந்தப் பாணி. அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

சொல் புரியாத சிக்கல்

தமிழ் எழுத்தில் அச்சான சாகித்யப் புத்தகங்களில் எழுத்துக்கு மேல் சின்னதாக 2, 3, 4 என்று எண் இருக்கும். க, ச, ட, த, ப வர்க்கங்களின் நான்கு ஒலிகளைக் காட்டுவது அது. எண் போடாத புத்தகத்தை வாங்க வேண்டாம். ‘பாவம்’ என்பது உணர்ச்சியா, செய்த வினையா என்றே தெரியாமல் போகும். முழுப் பொருளும் வேண்டியதில்லை. பல்லவிக்கு மட்டும் பதம் பிரித்து, சொல்லுக்குச் சொல் பொருள் எழுதிக்கொள்ளுங்கள். பாடகர் மூச்சு விடும் இடம் சொல்லின் நடுவே வந்தால், கேட்டு எழுதுகிறவர் தப்பாகவே பிரிப்பார். அதனால் காதால் கேட்டு எழுதாமல் புத்தகத்தைப் பார்த்துப் பிரியுங்கள்.

தமிழ்ப் பாட்டுக்களை இந்த ஒப்பீட்டில் நான்காவதாகச் சேர்க்க வேண்டும். சங்கராபரணத்துக்குப் பாபநாசம் சிவனின் ‘மகாலட்சுமி ஜகன்மாதா’. முதலில் வேண்டாம் என்பதற்குக் காரணம், நம் மொழி என்பதால் சொல் முந்திக்கொண்டு நெஞ்சைத் தொட்டுவிடும். இசைக் கட்டுமானத்தை எடைபோடுவது கடினமாகும். மூவரையும் கேட்டுக் காது பழகிய பிறகு சிவனிடம் வந்தால், சொல்லும் ராகமும் எவ்வளவு இயல்பாகக் கைகோத்துக்கொள்கின்றன என்பது அப்போதுதான் முழுதாகத் தெரியும். கோபாலகிருஷ்ண பாரதியின் ஆபோகி ‘சபாபதிக்கு வேறு தெய்வம்’ அதே வரிசையில் வர வேண்டியது.

நோட்டில் எழுத வேண்டியது

பாட்டு, ராகம், தாளம், எடுப்பு, பாடியவர். அதோடு ஒரே ஒரு கேள்விக்குப் பதில், அதுவும் கேட்ட உடனே அல்ல, மறுநாள் காலையில்: பல் தேய்க்கும்போது எந்த இடம் தானாக வாயில் வந்தது? சங்கதி ஒன்றா, மத்யமகாலச் சொல்லடுக்கா, ‘அம்மா’ என்று இழுத்த இடமா, அல்லது பாடகரின் ஸ்வரக் கோர்வையா? கேட்டவுடன் எழுதினால் கைதட்டலின் சூடு அதில் கலந்துவிடும். பத்துப் பன்னிரண்டு காலைகளின் பதில்களை வரிசையாகப் பார்த்தால் ஒரு சாய்வு தெரியும். எல்லாமே ஸ்வரக் கோர்வையாக இருந்தால், உங்களை இழுப்பது வாக்கேயக்காரர் அல்ல, பாடகரின் சொந்தக் கற்பனையான மனோதர்மம். அதற்கே பெரிதும் இடம் தரும் ராகம் தானம் பல்லவி பக்கம் போங்கள்.

சங்கராபரணம் முடிந்ததும் கல்யாணி: ‘நிதி சால சுகமா’, ‘கமலாம்பாம் பஜரே’, ‘பிரான வரலிச்சி’, நான்காவதாகச் சிவனின் ‘உன்னை அல்லால்’. அடுத்து பைரவி: ‘கொலுவையுன்னாதே’, ‘பாலகோபால’, கூடவே ஏற்கெனவே படி ஏறிப் பார்த்த அந்த ஸ்வரஜதி. இந்த முறை அதை நிறுத்தாமல் கேளுங்கள்.