நாய் உரிமம்: ஊசிப் புத்தகத்தைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள்

சென்னையில் உரிமம் இல்லாமல் நாய் வளர்த்தால் 5,000 ரூபாய் அபராதம் என்று மாநகராட்சி 2025-இல் அறிவித்தது. அதிலிருந்து எங்கள் குடியிருப்பில் நாய் வைத்திருப்பவர்கள் செல்போனும் கையுமாக என் வீட்டு வாசலுக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். பல வருடங்களாக நாய் வளர்க்கிறவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. உரிமம் வாங்குவதில் அவர்கள் செய்யும் தவறுகளில், படம் மங்கல், முகவரிச் சான்று பழையது போன்றவற்றை நீங்களே சரிசெய்துவிடுவீர்கள். அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றைச் சொல்கிறேன்.

"எல்லா ஊசியும் போட்டாயிற்று" என்று சொல்வது

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வருகிறது. நானும் ஒரு காலத்தில் இதையே சொன்னவன்.

என் முதல் நாய்க்கு அப்போது ஏழு மாதம். மாடிப்படியில் பக்கத்து வீட்டுப் பையனின் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. "பயப்படாதீர்கள் அக்கா, எல்லா ஊசியும் போட்டிருக்கிறது" என்று அவன் அம்மாவிடம் நாயின் ஊசிப் புத்தகத்தை நீட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிவிட்டு, "இதில் ரேபிஸ் எங்கே இருக்கிறது தம்பி?" என்று கேட்டார். ஒட்டியிருந்த இரண்டு ஸ்டிக்கர்களும் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற நாய் நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியுடையவை. ரேபிஸ் பக்கம் வெள்ளையாக இருந்தது.

கூட்டுத் தடுப்பூசியைக் குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்திலேயே தொடங்கிவிடுவார்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதம் ஆன பிறகுதான். அதற்குள் இரண்டு முறை கிளினிக்குக்கு அலைந்திருப்போம். வேலை முடிந்தது என்று மனம் சொல்லிவிடும். பையனுக்கு அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கில் ஊசி போட்டார்கள். நான்கு முறையும் நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் கடிபட்டவர் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். அது தண்ணீர்க் கிண்ணத்தில் வாய் வைக்கும்போதெல்லாம் எனக்கு மூச்சு வந்தது.

உரிமத்துக்கு மாநகராட்சி கேட்பது இந்த ரேபிஸ் ஊசிக்கான சான்றைத்தான். போன வாரம்கூட ஒருவர் கூட்டுத் தடுப்பூசிப் பக்கத்தைப் பதிவேற்றத் தயாராக வந்து நின்றார். ஸ்டிக்கர், போட்ட தேதி, அடுத்த தேதி, மருத்துவரின் கையெழுத்து, பதிவு எண் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். சில கூட்டு ஊசிகளில் ரேபிஸும் சேர்ந்திருக்கும். அப்படியானால் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருப்பார்கள். இன்னும் போடவில்லையா? திரு.வி.க. நகர், நுங்கம்பாக்கம், கண்ணம்மாப்பேட்டையில் மாநகராட்சியின் செல்லப்பிராணி சிகிச்சை மையங்கள் இருக்கின்றன.

தரகரைத் தேடுவது

கட்டணமே 50 ரூபாய்தான்.

ஒரு முறை வாங்கினால் போதும் என்று நினைப்பது

ஓராண்டுதான் செல்லும்.

மைக்ரோசிப்பை ஜிபிஎஸ் என்று நம்புவது

அரிசி மணி அளவுள்ள இந்த அடையாளச் சிப்பை நாயின் தோள்களுக்கு நடுவே தோலுக்கடியில் வைப்பார்கள். ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால் 15 இலக்க எண் தெரியும், அவ்வளவுதான். நாய் எந்தத் தெருவில் திரிகிறது என்று அது சொல்லாது. விற்றவரே சிப் வைத்துக் கொடுத்திருந்தால், யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று கேளுங்கள். மூன்றாவது மாடி லாப்ரடார் இன்னமும் விற்றவர் பெயரில்தான் இருக்கிறது.