முட்டி நோகாமல் ஆட

மொரிஷியஸில் எங்கள் க்யூர்பீப் ஊர்ப் பக்கம் மழைக்குக் கேட்கவே வேண்டாம். குடையும் கையுமாக எத்தனை நாள் நடைப்பயிற்சி போவது? நான் கூடத்திலேயே எங்கள் தீவின் நடனமான செகா ஆடுகிறேன். அதில் குதிப்பே கிடையாது. பாதம் தரையை விட்டு எழாமல் தேய்த்துத் தேய்த்து நகர வேண்டும், இடுப்புதான் ஆடும். முட்டிவலிக்காரர்களுக்குத் தோதானது. செகாவுக்கு அடிக்கும் ரவான் என்ற பறையின் தாளம் சூடுபிடிக்கும்போது மூச்சு வாங்கும்; பேச்சு வருகிற அளவோடு நிறுத்துங்கள். உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடம் என்பது தினம் ஐந்தாறு பாட்டுதான்.

டைல்ஸ் தரையில் காலுறையோடு ஆடாதீர்கள். நான் விழுந்து எழுந்தவள்! வெறுங்கால்தான் சரி.

தனியாக ஆடக் கூச்சமாக இருந்தால், அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக் கும்மி அடியுங்கள். எந்தக் கை, எந்தக் கால் என்று மூளை ஓடுகிற ஓட்டத்தில் காலையில் மாமியாரோடு போட்ட சண்டைகூட மறந்துபோகும்.